யோசனைக்கு நாற்றங்கால் நம்பிக்கையே

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

பஞ்சாயத்து என்றதும் நம் நினைவுக்கு வருபவை தேர்தலும், கூட்டமும், தீர்மானமும், வரவு செலவுக் கணக்குமே. ஆனால் பஞ்சாயத்து ஒரு வேலைத்தலமும் ஆகும் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. விடியுமுன் எழுந்து மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புகிறவர், தெருவைக் கூட்டிக் குப்பை வண்டியைத் தள்ளிச் செல்லும் தூய்மைக் காவலர், வரி ரசீது எழுதிக் கணக்கு வைக்கும் ஊராட்சிச் செயலர், ஏரி வேலையில் ஆட்களுக்கு அளவு பிரித்துக் கொடுக்கும் பணித்தளப் பொறுப்பாளர், தெருவிளக்கைக் கவனிப்பவர் ஆகிய யாவரும் பஞ்சாயத்தின் வேலையைச் செய்யும் சிப்பந்திகள். தீர்மானத்தை நிறைவேற்றுவது சபை. அத்தீர்மானத்தைத் தண்ணீராகவும் வெளிச்சமாகவும் மாற்றி வீட்டு வாசலுக்குக் கொண்டு வருவது இவர்களுடைய கை.

இவர்களுடைய கையை நாம் வேலைக்கு அமர்த்தியிருக்கிறோம். இவர்களுடைய அறிவையும் அமர்த்தியிருக்கிறோமா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் கேள்வி. கூலி கொடுத்தால் உழைப்பு கிடைக்கும். உத்தரவு கொடுத்தால் கீழ்ப்படிதல் கிடைக்கும். ஆனால் புது யோசனை அவ்விதம் கிடைப்பதில்லை. அது கேட்டு வாங்கும் பொருளன்று. தானாக முளைக்கும் பயிர். அப்பயிருக்கு நாற்றங்கால் எது என்று தெரிந்து கொள்வது, பஞ்சாயத்து அங்கத்தினருக்கும் பண்ணை நடத்தும் விவசாயிக்கும் ஒருங்கே பயன் தரும்.

ஊரை அறிந்தவர் யார்?

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்குப் பின்புறமாக, மலையின் மேற்குப் பக்கத்தில் அமைந்துள்ள ஊர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயில் இங்குதான் உள்ளது. மற்ற நாட்களில் மற்ற ஊர்களைப் போலவே வயலும் மாடும் கடையுமாக இருக்கும் இவ்வூர், பௌர்ணமி இரவுகளில் முற்றிலும் வேறொரு தோற்றம் கொள்ளுகிறது. கார்த்திகைத் தீபத்தன்றோ இலட்சக்கணக்கான மக்கள் இப்பாதையில் நடந்து செல்லுகின்றனர். அத்தனை பேருக்கும் குடிதண்ணீர் வேண்டும்; கழிப்பிடம் வேண்டும்; அவர்கள் விட்டுச் செல்லும் இலைகளையும் தொன்னைகளையும் காகிதக் குவளைகளையும் பொழுது விடிவதற்குள் அகற்ற வேண்டும்.

இத்தகைய இரவுக்குத் திட்டமிடும்போது வரைபடத்தை விரித்து வைத்துக் கொண்டு அதிகாரிகள் கூடிப் பேசுகின்றனர். அது அவசியமே. ஆயினும் அன்னதானம் வாங்கியவர்கள் எந்த மரத்தடி வரை நடந்து சென்று உட்காருவார்கள், இலை எங்கே குவியும், எந்த நேரத்தில் எந்தக் குழாயில் தண்ணீர் மெலியும், மழை தூறினால் கூட்டம் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பவற்றை வரைபடம் சொல்லாது. ஆண்டாண்டாக அந்த இலைகளை வாரியவருக்கு அது தெரியும். வரைபடத்தைப் பார்த்து வைத்த குப்பைத் தொட்டி காலியாக நிற்க, அதற்குச் சற்றுத் தள்ளிக் குப்பை மலைபோல் குவிந்து கிடக்கும் காட்சி திருவிழா நடக்கும் எந்த ஊருக்கும் புதிதன்று. தொட்டியை எங்கே வைப்பது என்று கூட்டுகிறவரைக் கேட்டிருந்தால் அத்தவறு நேர்ந்திராது. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருப்பாரா என்பது அடுத்த கேள்வி. அதில்தான் பாடமே அடங்கியிருக்கிறது.

புது யோசனை என்பது யாது?

புதிதாகச் சிந்திப்பது என்றால் விஞ்ஞானக் கூடத்தில் ஒரு யந்திரத்தைக் கண்டுபிடிப்பது என்று பலர் கருதுகின்றனர். அது பெருந்திறமை. நாம் இங்கே குறிப்பிடுவது அன்றாட வேலையில் தோன்றும் சிறு மாற்றங்களையே. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால், புதுத் தொட்டி கட்டாமலே ஒரு கேட் வால்வைப் பொருத்தி, மேட்டுத் தெருவுக்கு முன்னதாகவும் பள்ளத் தெருவுக்குப் பின்னதாகவும் திறந்துவிடுவது ஒரு யோசனை. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டுக்காரர் கலந்து போடுவதைக் கண்டு, இரண்டையும் வெவ்வேறு நாட்களில் வாங்குவதென்று மாற்றுவது ஒரு யோசனை. இவை சிறியவை, ஆனால் பணத்தை மிச்சப்படுத்துபவை, அந்தந்த வேலையைச் செய்பவர் கண்ணுக்கே முதலில் புலப்படுபவை.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். ஏரிப்பாசனத்தில் தண்ணீர் விடும் பணியைச் செய்தவருக்கு நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி என்று இடத்துக்கு இடம் வெவ்வேறு பெயர். ஏரியில் இருக்கும் நீரையும், பயிரின் பருவத்தையும், வானத்தின் நிலையையும் பார்த்து, எந்த மடையை எத்தனை நாழிகை திறப்பது என்று முடிவு செய்தவர் அவரே. பல ஊர்களில் ஆயக்கட்டில் நிலம் இல்லாதவரையே இவ்வேலைக்கு வைத்தனர். சொந்த வயல் இல்லாதவருக்குப் பாரபட்சம் இராது என்பது அதன் கருத்து. களத்து மேட்டில் அவருக்குத் தானியமாகக் கூலி அளந்தனர். தண்ணீர் குறைந்த ஆண்டில் எப்படிப் பங்கிடுவது என்ற மிகக் கடினமான கணக்கைப் போட அவருக்கு உரிமை இருந்தது. ஊர் அவரை நம்பியதனால் அவருடைய அறிவு ஊருக்குப் பயன்பட்டது. ஆயினும் அவருடைய தீர்ப்பை ஏற்ற ஊர், பல இடங்களில் அவருக்குச் சமமான இருக்கையைக் கொடுத்ததில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது. அக்குறையைத் தீர்ப்பது நம் காலத்துக் கடமை.

வாய் திறவாததன் காரணங்கள்

வேலை செய்பவருக்கு யோசனை தோன்றியும் அவர் சொல்லாமல் இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது அச்சம். "குழாயில் கசிவு இருக்கிறது" என்று ஒருவர் வந்து சொன்னால், "இத்தனை நாள் என்ன செய்து கொண்டிருந்தாய்?" என்பதே முதற் சொல்லாக இருக்குமானால், அடுத்த கசிவை அவர் சொல்லமாட்டார். குற்றத்தைக் கொண்டு வந்தவரையே குற்றவாளி ஆக்கும் வழக்கம் எங்கே உண்டோ, அங்கே குறைகள் மறைந்து வளரும்.

இரண்டாவது பயனின்மை. சொன்னதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை வராவிட்டால், சொல்வது வீண் என்ற எண்ணம் ஊன்றிவிடும். இக்காலத்தில் உத்தரவுகள் வாட்ஸ்அப் குழுவில் நொடியில் வந்து சேருகின்றன. ஆனால் அக்குழுக்களில் செய்தி மேலிருந்து கீழே ஓடுகிற அளவுக்குக் கீழிருந்து மேலே ஏறுவதில்லை. "சரி ஐயா" என்ற விடை மட்டுமே வரும் இடத்தில், கீழே யாவும் சரியாகவே இருக்கிறது என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

மூன்றாவது பெயர் பறிபோதல். யோசனை சொன்னவர் ஒருவர், மாலை வாங்கியவர் வேறொருவர் என்றால், அடுத்த யோசனை மனத்தோடு நின்றுவிடும். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பெற்றவரை வாசலில் நிறுத்தினால் அவர் மனம் எப்படியிருக்கும்?

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கணக்குப் புலப்படும். பேசினால் வசை வரக்கூடும். பேசாதிருந்தால் ஒன்றும் வராது. இந்நிலையில் வாய்மூடி இருப்பது சோம்பலன்று. அறிவுள்ள எவரும் செய்யக்கூடியதே. ஆகவே "நம் ஆட்களுக்கு அக்கறை இல்லை" என்று குறை கூறுமுன், பேசுகிறவருக்கு நாம் வைத்திருக்கும் விலை என்ன என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

மருத்துவமனையில் கண்ட உண்மை

இது வெறும் உபதேசமன்று. ஆராய்ச்சியில் தெளிந்த விஷயம். அமெரிக்க நாட்டில் எமி எட்மண்ட்சன் என்னும் அறிஞர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள செவிலியர் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பதே அவர் எதிர்பார்த்தது. ஏட்டைப் பார்த்தாலோ நல்ல குழுக்களிலேயே தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன! மேலும் ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. அக்குழுக்கள் அதிகத் தவறு செய்யவில்லை. நேர்ந்த தவறுகளை ஒளிக்காமல் சொல்லின. அச்சம் நிறைந்த குழுக்களில் தவறுகள் நேர்ந்தும் ஏட்டில் ஏறவில்லை. 1999 ஆம் ஆண்டில் அவர் இதை மேலும் விரித்து, தடையின்றிப் பேசலாம் என்ற துணிவு நிலவும் குழுவே கற்றுக் கொள்ளும் குழுவாகிறது என்று காட்டினார்.

பஞ்சாயத்து அங்கத்தினருக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. புகாரே இல்லாத பதிவேடு நல்ல நிர்வாகத்தின் அடையாளம் என்று கொள்ளலாகாது. குறைகள் எழுதப்பட்டு, எதிரே தீர்த்த தேதியும் எழுதப்பட்டிருக்கும் பதிவேடே நல்ல நிர்வாகத்தின் அடையாளம்.

உயிர் காக்கும் விஷயங்களில் இதன் அருமை இன்னும் பெரிது. 2024 ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், டிசம்பர் முதல் நாளன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து, வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட எழுவர் உயிரிழந்தனர். அத்துயரத்தின் காரணங்களை ஆராய்வது வல்லுநர் பணி. மலையை அடுத்து வாழும் ஊர்கள் அதிலிருந்து கொள்ள வேண்டிய எச்சரிக்கை வேறொன்று. ஓடையில் நீர் திடீரெனக் கலங்குவதையும், சரிவில் புதிதாக வெடிப்பு விடுவதையும், ஏரிக்கரையில் ஊற்றுப் புறப்படுவதையும் முதலில் காண்பவர் ஆடு மேய்ப்பவராகவோ, கால்வாய் தூர்வாருபவராகவோ, குப்பை அள்ளுபவராகவோ இருப்பார். நள்ளிரவில் தலைவரையோ அதிகாரியையோ எழுப்பிச் சொல்லலாம், பொய்யாய்ப் போனாலும் திட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருத்தல் வேண்டும். அந்நம்பிக்கை புயலன்று உண்டாவதில்லை. சாதாரண நாட்களில் உண்டாகி இருக்க வேண்டும்.

கூடத்தில் அமர்ந்த பொறியாளர்கள்

நம் மாநிலத்திலேயே இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 ஆம் ஆண்டில் அமைந்தது. ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அமைத்துப் பெரும்பணி ஆற்றிவந்த அவ்வாரியத்துக்கு, 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த தொடர் வறட்சி ஒரு சோதனையாக அமைந்தது. திட்டங்கள் பெருகின, நிலத்தடி நீரோ கீழே கீழே சென்றது. கட்டிய தொட்டிகள் வற்றின. மேலும் மேலும் ஆழத்தில் துளையிடுவதே விடையா என்ற கேள்வி வாரியப் பொறியாளர்களிடையே எழுந்தது.

2003-04 ஆம் ஆண்டு வாக்கில் வாரியத்தில் ஒரு மாற்ற முயற்சி தொடங்கியது. இந்திய ஆட்சிப் பணி அலுவலர் விபு நாயர் அதற்குத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர். அவர்கள் கையாண்ட முறைக்குப் பெயர் "கூடம்". நம் பழைய வீடுகளில் எல்லோரும் ஒன்றாகக் கூடி அமரும் இடம் கூடம் என்பது யாவரும் அறிந்ததே. பதவி வேறுபாட்டை வெளியே விட்டுவிட்டு, மேலதிகாரியும் இளம் பொறியாளரும் வட்டமாகச் சமமாக அமர்ந்து, செய்திகளை ஒளிவின்றிப் பகிர்ந்து, எவரும் எவரையும் கேள்வி கேட்கலாம் என்ற நியதியில் பேசினர். நாற்காலியின் உயரத்தைப் பார்த்துப் பேச்சின் நீளத்தை அளக்கும் வழக்கம் அங்கே நிறுத்தப்பட்டது.

அதன் விளைவு யாது? பொறியாளர்கள் தாங்களே கூடி, மறைமலைநகர்ப் பிரகடனம் என்று பெயர்பெற்ற உறுதிமொழியை ஏற்றனர். புதியதைக் கட்டுமுன் இருப்பதைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவது, நீர் ஆதாரத்தைக் காப்பது, மக்களுக்குச் செய்து தருபவராக நில்லாமல் மக்களோடு சேர்ந்து செய்பவராக மாறுவது என்பன அம்மாற்றத்தின் சாரம். பின்னர் மாவட்டந்தோறும் தேர்ந்தெடுத்து, மொத்தம் 145 ஊராட்சிகளில் இம்முறை சோதித்துப் பார்க்கப்பட்டது. ஊரிலும் அதே கூடம் கூடியது. பொறியாளர் தொழில்நுட்பத்தைச் சொன்னார். ஊரார் தம் தண்ணீரின் வரலாற்றைச் சொன்னார்கள். செப்பனிட்டாலே போதும் என்று கண்ட இடங்களில் புதுக் கட்டுமானச் செலவு மிச்சமாயிற்று.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்பொறியாளர்கள் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அல்லர். ஆண்டுகளாக அதே நாற்காலிகளில் இருந்தவர்கள். அவர்களுடைய படிப்பு மாறவில்லை, சம்பளம் மாறவில்லை. பேசும் சூழ்நிலையே மாறியது. உள்ளே இருந்த யோசனை வெளியே வந்தது. மேலும், தம் அலுவலகத்தில் மதிப்போடு கேட்கப்பட்டவரே, ஊருக்குச் சென்றபோது ஊராரை மதிப்போடு கேட்க முடிந்தது. மரியாதை மேலிருந்து கீழே பாயும் வாய்க்கால்; தலைமடையில் அடைத்துவிட்டுக் கடைமடையில் தண்ணீர் தேடுவது வீண்.

ஆலைகள் கற்றுத் தருவது

தொழிற்சாலைகளிலும் இவ்வுண்மை நிலைபெற்றிருக்கிறது. ஜப்பான் நாட்டு டொயோட்டா மோட்டார்க் கம்பெனி 1951 ஆம் ஆண்டிலேயே தொழிலாளரிடம் யோசனை கேட்டு வாங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே தவறு கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து, தேவையானால் வேலை வரிசையையே நிறுத்திவிடலாம். நிறுத்தியவரை மேற்பார்வையாளர் வந்து கடிந்து கொள்வதில்லை. என்ன நேர்ந்தது என்று சேர்ந்து பார்க்கிறார். தொழிலாளர் சிறு குழுக்களாகக் கூடித் தம் வேலையின் குறைகளைத் தாமே ஆராயும் தர வட்டங்கள் 1962 ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றின. இந்தியாவில் அம்முறை 1980 ஆம் ஆண்டில் ஐதராபாத்தை அடுத்த இராமச்சந்திரபுரத்தில் உள்ள பாரத மிகுமின் நிறுவன ஆலையில் தொடங்கிற்று. பிறகு நாட்டின் பல ஆலைகளுக்கும் பரவிற்று.

ஆட்சி முறையின் வரலாறும் இதையே சொல்லுகிறது. 1952 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கிராம சேவகர்கள் ஊர் ஊராகச் சென்றனர். சாலையும் பள்ளியும் கிணறும் வந்தன. ஆயினும் மக்களின் சொந்த முயற்சி எதிர்பார்த்த அளவு எழவில்லை என்பதை, 1957 ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த பல்வந்தராய் மேத்தா குழு எடுத்துக்காட்டியது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளிடம் பொறுப்பையும் அதிகாரத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்பதே அது கூறிய மருந்து. 1958 ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டமும், பின்னர் வந்த 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அவ்வழியில் எழுந்தவை. "எங்களை நம்பி அதிகாரம் தாருங்கள்" என்று மேலே கேட்கும் பஞ்சாயத்து, தன் கீழே உழைப்பவரையும் அவ்வாறே நம்புதல் முறையன்றோ?

நம்பிக்கைக்கு வரப்பு வேண்டும்

இவ்விடத்தில் ஒரு ஐயம் எழலாம். "எல்லோரையும் நம்பி விட்டுவிட்டால் கணக்கு என்னாவது? பொதுப்பணம் அல்லவா?" என்று அனுபவம் உள்ள அங்கத்தினர் கேட்பர். நியாயமான கேள்வியே. நம்பிக்கை வேறு, கண்மூடித்தனம் வேறு. திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்ற இரு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆராய்ந்து தேர்வது முதல். தேர்ந்தவரிடம் வேலையை ஒப்படைப்பது அடுத்தது. இவ்வரிசையை மாற்றலாகாது.

தவறுகளை மூன்று வகையாகப் பிரித்துக் கொள்வது நலம். நேர்மைக் குறைவால் வருவது ஒன்று. அதற்குச் சட்டப்படி நடவடிக்கை வேண்டும். கவனக் குறைவால் வருவது மற்றொன்று. அதற்கு எச்சரிக்கையும் பயிற்சியும் வேண்டும். நல்ல எண்ணத்தோடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்த சோதனை பலிக்காமற் போவது மூன்றாவது. அதற்குத் தண்டனை கூடாது, கற்ற பாடத்தை எழுதி வைத்தலே வேண்டும். மூன்றையும் ஒரே கோலால் அடித்தால் திருடன் எச்சரிக்கை அடைவான். உழைப்பாளி ஊக்கம் இழப்பான்.

கணக்கும் தணிக்கையும் நம்பிக்கைக்குப் பகையல்ல, அவை வரப்பு. வரப்பு உள்ள வயலில்தான் தண்ணீர் நிற்கும். செலவு விவரம் கிராம சபையில் யாவர் முன்னிலையிலும் படிக்கப்படும் ஊரில், சிப்பந்தியின் மீது பொய்ப்பழி சுமத்துவதும் கடினமாகும்.

உயிருக்கு ஆபத்தான வேலையில் சோதனைக்கு இடமே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்சார மோட்டாரைத் தகுதியில்லாதவர் பிரிக்கலாகாது. கழிவுநீர்த் தொட்டியிலும் சாக்கடையிலும் தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அத்தகைய வேலையை யார் சொன்னாலும் "இறங்கமாட்டேன்" என்று மறுக்கும் துணிவு தொழிலாளிக்கு இருக்க வேண்டும். அவர் மறுக்கும்போது வேலை போய்விடாது என்ற உறுதியைத் தருவதே பஞ்சாயத்து காட்டக்கூடிய மிகப் பெரிய நம்பிக்கை.

செய்யத் தக்கவை

பஞ்சாயத்துகள் அதிகச் செலவின்றி இன்றே தொடங்கக் கூடியவற்றைக் கீழே தருகிறோம்.

1. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சிப்பந்திகள் யாவரையும் கூட்டிப் பேசுக. யாவரும் ஒரே வகை இருக்கையில் அமர்க. நாற்காலி போதாவிடில் யாவரும் பாயில் அமர்க. சிலர் நிற்கவும் சிலர் அமரவுமான கூட்டத்தில் நிற்பவர் வாய் திறவார். சாதி பார்த்தும் ஆண் பெண் பார்த்தும் இருக்கை பிரிக்கும் வழக்கம் எள்ளளவும் தலைகாட்டலாகாது.

2. தூய்மைப் பணியாளரையும் "நீங்கள்" என்றே அழைக்க. வயதில் மூத்தவரை ஒருமையில் அழைத்துவிட்டு அவரிடம் யோசனை கேட்பது பொருந்தாது.

3. கூட்டத்தில் தலைவர் கடைசியாகப் பேசுக. தலைவர் முதலில் முடிவைச் சொல்லிவிட்டால் மற்றவர் தலையசைப்பதோடு நின்றுவிடுவர். "இந்த வாரம் வேலையில் எது தடையாக இருந்தது?" என்ற ஒரு கேள்வியே தொடக்கத்துக்குப் போதும்.

4. யோசனைப் புத்தகம் ஒன்று வைக்க. சொன்னவர் பெயர், நாள், யோசனை, பஞ்சாயத்தின் விடை என நான்கு பத்திகள் போதும். எழுத அறியாதவருக்குச் செயலர் எழுதித் தருக. அடுத்த கூட்டத்துக்குள் விடை எழுதப்படல் வேண்டும். இயலாது எனினும் காரணத்தோடு சொல்லுக. காரணம் சொன்ன மறுப்பு எவரையும் புண்படுத்தாது.

5. நல்ல யோசனையை ஒரு தெருவில், ஒரு மாத காலம், இன்ன செலவுக்குள் என்று எல்லை வகுத்துச் சோதிக்க. பலித்தால் மற்றத் தெருக்களுக்கு விரிக்க. பலிக்காவிடில் சிறு செலவோடு நின்றுவிடும்.

6. பலித்த யோசனையைச் சொன்னவர் பெயரோடு கிராம சபையில் அறிவிக்க. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குவது பெரிய காரியமன்று.

7. கூலி தவணை தவறாமல் கிடைக்கவும், கையுறையும் துடைப்பமும் வண்டியும் பழுதின்றி இருக்கவும் பார்த்துக் கொள்க. கூலிக்கு அலைபவரிடம் யோசனைக்கு நேரம் இராது. மற்ற ஆறும் இவ்வேழாவதன் மேலேதான் நிற்கும்.

வயலும் ஒரு வேலைத்தலமே

விவசாயிகளும் இதைத் தம் வயலில் பார்க்கலாம். செம்மை நெல் சாகுபடியில் ஏறத்தாழ 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுகிறோம். இம்முறை மடகாஸ்கர் தீவில் தோன்றியது. அங்கே பணிபுரிந்த லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், தாமே எல்லாம் அறிந்தவர் என்று எண்ணாமல், சிறு விவசாயிகள் சிலர் ஒற்றை நாற்று நடுவதைக் கூர்ந்து நோக்கினார். 1983 ஆம் ஆண்டில் இளநாற்று நட்டு அது நன்றாகத் தூர்கட்டியதைக் கண்டு மேலும் ஆராய்ந்தார். உழுபவன் செய்கையைக் கற்றவர் மதித்துப் பார்த்ததால் உலகுக்கு ஒரு சாகுபடி முறை கிடைத்தது.

நம் ஊரில் இம்முறையைக் கொண்டுவரும்போது நடவுப் பெண்கள் முதலில் தயங்குவதுண்டு. கயிறு பிடித்துச் சதுரமாக நடுவது கைக்குப் பழக்கமில்லை, நேரம் கூடுகிறது, கூலியோ பழைய கணக்கிலேயே நிற்கிறது. "இவர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிவிட்டால் நடவு அரைகுறையாக முடியும். "எங்கே சிரமமாக இருக்கிறது, எப்படி மாற்றலாம்?" என்று கேட்டு, கற்கும் நாட்களுக்குக் கூலியையும் சற்றுக் கூட்டிக் கொடுத்தால், கயிற்றில் அடையாளம் கட்டுவதிலும் நாற்றை எடுத்துப் பரப்புவதிலும் அவர்களே எளிய வழி காண்பர். சேற்றில் நிற்பவர் கண்டுபிடிக்கும் வழி, கரையில் நிற்பவர் சொல்லும் வழியைவிட வேலைக்கு உகந்ததாக இருப்பதில் வியப்பில்லை.

முடிவுரை

நாற்றங்காலில் விதைத்த மறுநாளே நாற்றைப் பறிக்க முடியாது. முதற் கூட்டத்தில் எவரும் பேசமாட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் சிறு குறை ஒன்றைச் சொல்லி நம் முகத்தைப் பார்ப்பார். அவர் சொன்னதன்று, அப்போது நாம் நடந்து கொள்ளும் விதமே ஊர் முழுவதும் பேசப்படும். அன்று பொறுமையாகக் கேட்டு, அக்குறையை அந்த வாரத்திலேயே தீர்த்துவிட்டால், மூன்றாவது கூட்டத்தில் நால்வர் பேசுவர். நம்பிக்கை இவ்விதம் சிறு சிறு சோதனைகளில் தேறித்தான் வளருகிறது. ஒரே ஒரு நாள் சீறி விழுந்தால் மாதக்கணக்கில் வளர்த்தது வாடிவிடும் என்பதையும் மறத்தலாகாது.

வீட்டுக்கு வீடு குழாய் வந்திருக்கும் இக்காலத்தில், குழாயில் தண்ணீர் நாள்தோறும் வருவதற்குப் பணம் மட்டும் போதாது. அக்குழாயை அறிந்தவரின் அறிவும் வேண்டும். அந்த அறிவுக்கு எந்தத் திட்டத்திலும் தனி நிதி ஒதுக்கீடு இல்லை. கேட்பவருக்கு அது இலவசம். கேளாதவருக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடையாது.

கலந்து பேசுவதற்குச் சில வினாக்கள்

1. சென்ற மூன்று மாதங்களில் உங்கள் பஞ்சாயத்துச் சிப்பந்தி ஒருவர் சொல்லிச் செய்யப்பட்ட மாற்றம் ஏதேனும் உண்டா? இல்லையெனில் மேலே கூறிய மூன்று காரணங்களில் எது பொருந்தும்?

2. உங்கள் ஊரில் நள்ளிரவில் ஏரிக்கரையில் கசிவு கண்டவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஊரில் யாவருக்கும் தெரியுமா?

3. பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வரும் தூய்மைக் காவலர் உட்காருவதற்கு அங்கே இருக்கை உண்டா?